மாத்திரை தின்ற குட்டி

அத்தியாயம் 11

குட்டி எழுந்திருக்கவில்லை.

மற்ற நாளாக இருந்தால், மேஸ்திரி அடுப்படியில் ஒரு பாத்திரத்தைத் தொட்டாலே போதும். கூடத்திலிருந்து ஒரே ஓட்டமாக வந்து அவர் முழங்காலில் முட்டி நிற்கும். நாலரை மாதக் குட்டிதான், ஆனாலும் அது முட்டினால் மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய இனத்து நாய். வளர்ந்து முடிக்கும்போது மருமகளைவிட எடை கூடிவிடும் என்று கொடுத்தவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதன் பாதங்களைப் பார்த்துத்தான் மேஸ்திரி அதற்குத் 'தூண்' என்று பெயர் வைத்தார்.

இன்று தூண் படுத்தபடியே வாலை மட்டும் ஆட்டியது.

"என்னடா ராஜா, சோம்பலா? வா, வா" என்றார் மேஸ்திரி.

குட்டி முன்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. இடது முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே வில் மாதிரி வளைந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஈனசுரத்தில் ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

மேஸ்திரிக்குப் பகீர் என்றது.

இந்தக் குடும்பத்தோடு பத்து வாரமாகப் பழகியவர்களுக்கு அவர் ஏன் அப்படிப் பதறினார் என்று தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. எட்டு மாதத்துக்கு முன்னால் மேஸ்திரியின் மனைவி பின்வாசல் படியில் இறங்கும்போது விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். படுக்கையில் சளி பிடித்து, பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். 'எலும்பு பொரிமாவா இருக்கு, சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?' என்று அந்த ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். 'நான்தானே மாசா மாசம் வாங்கிக் கொடுத்தேன், தினமும் சாப்பிட்டா' என்று அடித்துச் சொன்னார் மேஸ்திரி.

அதற்கப்புறம் மனுஷன் வீட்டை விட்டு இறங்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று பயந்துதான் மருமகள் இந்தக் குட்டியைக் கொண்டுவந்தாள். 'அம்மா போன வீட்டுல நாய் ஒண்ணுதான் குறைச்சலா?' என்று மகன் குதித்தான். அவன் தூரத்து ஊர்களுக்குப் பஸ் ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. கோபம் மூக்குக்கு மேல் வரும், மூன்றாம் நாள் போய்விடும்.

குட்டி வந்த பத்தாம் நாள், சட்டைக்கு ஒரு பொத்தான் தேடி மனைவியின் தையல் மிஷின் டப்பாவைத் திறந்தார் மேஸ்திரி. பொத்தான்களுக்கு அடியில் மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிய்க்காதவை. அவர் வெயிலில் நடந்துபோய் வாங்கிவந்தவை.

ஏன் விழுங்கவில்லை? கேட்பதற்கு ஆள் இல்லை.

அந்த டப்பாவை மேஸ்திரி என்ன செய்தார் என்று இதுவரை உங்களிடம்கூடச் சொல்லவில்லை. இன்று சொல்லித்தான் ஆக வேண்டும். மருமகள் விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுவாள். அவள் போனதும் இவர் இரண்டு மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் பொடித்து, அரைக் கிண்ணம் பாலில் கரைத்துத் தூணுக்குக் கொடுப்பார். தினமும். இரண்டு மாதமாக. குட்டி நக்கி முடித்து மூக்கில் பால் ஒட்டியபடி அவரைப் பார்க்கும்போது, மனைவி போனபிறகு முதல்முறையாக அவருக்கு நெஞ்சில் ஏதோ பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. இந்த வீட்டில் இன்னொரு கால் ஒடியக் கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு.

இன்று அந்தக் காலைத்தான் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் மருமகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, குட்டி எழுந்திருக்க மாட்டேங்குது. கால் ஒரு மாதிரியா இருக்கு."

"விழுந்துச்சா மாமா?"

"இல்லம்மா. சும்மா படுத்திருந்துச்சு."

"நகர்த்தாதீங்க. இதோ வர்றேன்."

பேக்கரியில் மாவு பிசைகிற இடத்தில் வேலை அவளுக்கு. தலைமுடியில் மாவு, புருவத்தில் மாவு, அப்படியே ஓடிவந்தாள். போர்வையில் குட்டியைக் கிடத்தி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியெல்லாம் தூண் மேஸ்திரியின் கையை நக்கிக்கொண்டே வந்தது. அது கடித்திருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கால்நடை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். குட்டியின் காலை மெதுவாக அமுக்கிப் பார்த்தாள், படம் எடுத்தாள், படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"முறியல. பயப்படாதீங்க" என்றாள்.

மேஸ்திரி மூச்சு விட்டார். விட்ட மூச்சு முடியுமுன் அவள் தொடர்ந்தாள்.

"ஆனா இதைப் பாருங்க. முன்னங்கால்ல ரெண்டு எலும்பு பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரெண்டும் சமமா வளரணும். இங்க ஒண்ணு வளருது, இன்னொண்ணு பின்தங்கிடுச்சு. அதான் வளையுது. என்ன சாப்பாடு போடுறீங்க?"

மருமகள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். மாவையும் ஈஸ்ட்டையும் கிராம் பிசகாமல் நிறுக்கிறவள். குட்டிக்குப் போடுவதையும் அதே தராசில்தான் நிறுப்பாள். தேதி, வேளை, கிராம், எடை எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள்.

"பெரிய இனத்துக் குட்டிக்குன்னே விக்கிற தீனிப் பைதான் டாக்டர். மூணு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர் வளர்ச்சிக்குப் பவுடர் சேர்த்துக் கொடுங்கன்னார், வேண்டாம்னுட்டேன். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும்னு படிச்சேன், வாரம் ஒரு தடவை தடவிப் பார்க்கிறேன்."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினாள். புருவம் சுருங்கியது.

"நான் எழுதிக் கொடுத்தாகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. இப்படி வளர்த்த குட்டிக்கு இந்தக் கால் வரக் கூடாதே. சுண்ணாம்புச் சத்து ஏதாவது தனியா கொடுத்தீங்களா? மாத்திரை, டானிக்?"

"ஐயோ, இல்ல டாக்டர்."

"நிறைய பேர் பண்ற தப்பு அது. பெரிய நாய், பெரிய எலும்பு, நிறைய சுண்ணாம்பு வேணும்னு நினைக்கிறாங்க. உண்மை நேர்மாறு. இந்த வயசுக் குட்டிக்கு வேண்டாததைத் தள்ளத் தெரியாது. கொடுக்கிறதை எல்லாம் உடம்பு இழுத்துக்கும். பெரிய நாய் மெதுவாத்தான் வளரணும். அவசரப்படுத்தினா அதோட எடையே அதோட காலைக் கோணலாக்கிடும்."

மேஸ்திரி நாற்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவர். சிமெண்டை அள்ளிக் கொட்டுகிற ஆளைப் பார்த்தால் சாரத்தின் மேலிருந்தே கத்துவார். 'டேய், அதிகம் போட்டா பலம்னு எவன் சொன்னான்? வெடிச்சுடும்டா!' என்பார். கான்கிரீட்டைத் தாங்குகிற முட்டுப் பலகையை ஒரு நாள் முன்னால் பிரித்தவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். எல்லாம் தெரிந்த மனுஷன், ஒரு குட்டிக்காலில் கோட்டை விட்டுவிட்டார்.

"மாமா, நீங்க ஏதாவது கொடுத்தீங்களா?" என்று மருமகள் திரும்பிக் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். மாத்திரை என்று சொன்னால் எங்கிருந்து வந்தது என்று வரும். டப்பா என்று வரும். தினமும் சாப்பிட்டாள் என்று அடித்துச் சொன்னது வரும். பெண்டாட்டி மாத்திரை விழுங்கினாளா என்றுகூடப் பார்க்காத மனுஷன் என்று வரும்.

"ரொட்டித் துண்டு… ஒண்ணு ரெண்டு" என்றார்.

"ரொட்டியில இது வராது" என்றாள் டாக்டர். "அப்ப அந்தப் பை மேலதான் எனக்குச் சந்தேகம். இன்னைக்கே அதை நிறுத்துங்க. வேற எழுதித் தர்றேன். ரத்தம் எடுத்து அனுப்புறேன். பத்து நாள் கழிச்சு வாங்க, அப்பவும் வளைஞ்சா ஆபரேஷனைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் குதிக்க விடாதீங்க, படி ஏறி இறங்க விடாதீங்க."

மருமகள் நோட்டை மூடினாள். மூடிய நோட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்து, மாவுக் கைரேகையைக் கரைத்தது.

"நான்தான் தப்பான பையை வாங்கிட்டேனா டாக்டர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான். அவர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகன் வாசலில் நின்றான். ராத்திரியெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்த கண் சிவந்திருந்தது. தோளில் பை அப்படியே தொங்கியது. சாவி மருமகளிடம் இருந்ததால் அரை மணியாகக் காத்திருக்கிறான். அதற்கே பாதிக் கோபம் ஏறியிருந்தது. மீதி, போர்வையில் கிடந்த குட்டியைப் பார்த்ததும் ஏறியது.

"என்ன ஆச்சு இதுக்கு?"

கதவைத் திறந்து குட்டியைக் கூடத்தில் கிடத்தினார்கள்; மேஸ்திரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மருமகள் சொன்னாள். எதையும் மறைக்காமல், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற மாதிரி சொன்னாள். "பை சரியில்லையாம். நான்தான் தேடி வாங்கினேன்."

"தராசு என்ன, நோட்டு என்ன! பெரிய படிப்புப் படிச்சவ மாதிரி ஆடினியே. கடைசியில ஒரு நாய்க்குச் சோறு போடத் தெரியல உனக்கு."

"டேய்" என்றார் மேஸ்திரி.

"நீங்க சும்மா இருங்கப்பா. அன்னைக்கே வேண்டாம்னேன். இந்த வீட்டுல ஒருத்தி நடக்க முடியாமப் படுத்ததைப் பார்த்தது போதாதா? இன்னொண்ணு காலை இழுத்துக்கிட்டு அலையறதையும் நான் பார்க்கணுமா? டிப்போ வாட்ச்மேன் ஒரு நாய் கேட்டுக்கிட்டிருக்கார். சாயந்தரம் கொண்டுபோய் விட்டுடுறேன்."

மருமகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சண்டைக்காரிதான் அவள். பேக்கரி முதலாளியையே முறத்தால் விரட்டியவள் என்று மூன்றாம் வாரம் சிரித்தோமே, அவளேதான். இன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "சரி. நான் வளர்த்தா கெட்டுடும்னா, கொண்டுபோங்க" என்றாள். அந்தச் 'சரி'தான் மேஸ்திரியை உலுக்கியது.

அவர் எழுந்து உள்ளே போனார். தையல் மிஷினின் இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து டப்பாவைக் கூடத்து மேஜைமேல் கவிழ்த்தார். பொத்தான்கள் நாலா பக்கமும் உருண்டன. நடுவில் மாத்திரை அட்டைகள், பாதி காலி.

"பை நல்ல பைதான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கொடுத்தேன்."

மகன் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "என்னப்பா இது?"

"உங்கம்மா மாத்திரை."

"அம்மாதான் தினமும் சாப்பிட்டாங்கன்னு சொன்னீங்களே. ஆஸ்பத்திரியில, என் முன்னால."

"சாப்பிடலடா. ஒண்ணுகூடச் சாப்பிடல. இந்த டப்பாவுலதான் போட்டு வச்சிருந்தா. எனக்கே ரெண்டு மாசம் முன்னாடிதான் தெரியும்." மேஸ்திரியின் குரல் உடைந்தது. "தூக்கிப் போட மனசு வரல. அவ எலும்புக்குப் போகாதது இதோட எலும்புக்காவது போகட்டும்னு பொடிச்சுக் கொடுத்தேன். டாக்டர் கேட்டப்ப வாயைத் திறக்கல. இவ அழுதா, அப்பவும் திறக்கல. நான் ஒரு மனுஷனா?"

பெரிய ஆள் அவர், தோளும் கையுமாக. சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். ஆஸ்பத்திரியில் அழவில்லை, அவளை எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை. எல்லாம் சேர்ந்து இப்போது வந்தது.

மருமகள்தான் முதலில் நகர்ந்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள். மாத்திரையின் பெயரைப் படித்துச் சொன்னாள், எத்தனை, எத்தனை நாள் என்று மாமனாரைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"இப்பவாவது சொன்னீங்களேன்னு டாக்டர் சந்தோஷப்பட்டாங்க மாமா. சாப்பாட்டை மாத்த வேண்டாமாம், அதே பைதானாம். மாத்திரையையும் பாலையும் நிறுத்தணும், அவ்வளவுதான். மூணு வாரத்துல மறுபடி படம் எடுக்கணும். நேராகலாம்னாங்க."

"ஆகாமயும் போகலாமா?"

அவள் பொய் சொல்லவில்லை. "போகலாம்."

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிதறிக் கிடந்த பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தார். பச்சை, வெள்ளை, ஒரு கோட்டுப் பொத்தான். "எதுக்குத்தான் விழுங்கலையோ" என்று தனக்குத்தானே முனகினார். "கசக்குதுன்னு சொல்லியிருந்தா வேற வாங்கிட்டு வந்திருப்பேனே. மனசுல என்ன வச்சிருந்தாளோ, புண்ணியவதி."

மருமகளின் கை ஒரு பொத்தானை எடுக்கப் போய் நின்றது.

"மாமா."

அவர் நிமிர்ந்தார்.

"அது எனக்குத் தெரியும் மாமா."

அவள் பொத்தானை அப்படியே விட்டுவிட்டுச் சொன்னாள்.

"அத்தைக்கு அந்த மாத்திரை ஒத்துக்கல. போட்டா வயிறு கட்டிக்கும், ரெண்டு நாள் சுருண்டு படுத்துடுவாங்க. முதல் மாசமே நிறுத்திட்டாங்க. டாக்டர்கிட்ட போய் மாத்தி வாங்கலாம் அத்தைன்னு நான் சொன்னேன். 'உங்க மாமா அவ்வளவு தூரம் நடந்துபோய் வாங்கிட்டு வர்றார், வேண்டாம்னா அவர் மனசு ஒடிஞ்சிடும், நீ சொல்லிடாதே'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன். ஒரு வருஷம் மாமா. ஒரு வருஷம் பார்த்துக்கிட்டே இருந்தேன்." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "இந்தக் குட்டியை ஏன் கிராம் கிராமா நிறுத்தேன்னு நினைக்கிறீங்க?"

மேஸ்திரியின் கை தானாகப் போய் அவள் தலைமேல் இருந்தது. திட்டவா, தேற்றவா என்று அவருக்கே தெரியவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

மகன் நின்ற இடத்திலேயே நின்றான். பெண்டாட்டியைப் பார்த்தான். வழக்கமாகக் கத்துகிறவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையிலிருந்த அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, விடுவிடுவென்று பின்பக்கம் போனான்.

சாயந்தரச் சாப்பாட்டு வேளை நெருங்கியது. மருமகள் தராசை எடுத்தாள். கண்ணீர் மறைத்ததில் பாதித் தீனி உருண்டைகள் தரையில் சிதறின.

"கொடும்மா" என்றார் மேஸ்திரி.

வாழ்நாளெல்லாம் கண்ணளவிலேயே கலவை போட்டவர், தராசைப் பார்த்தால் கேலி செய்கிறவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். நூற்றிருபது கிராம். முள் ஒரு மயிரிழை தாண்டியது. ஒரே ஒரு உருண்டையை எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டார். தூண் அந்த உருண்டையையும் பார்த்தது, அவரையும் பார்த்தது.

"பார்க்காதடா. இவ்வளவுதான் உனக்கு" என்றார். அள்ளிப் போடாமல் இருப்பதும் அன்புதான் என்று அவருக்கு இத்தனை வயதுவரை யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

குட்டி கிண்ணத்தில் வாயை வைத்தது. அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டங்.

மேஸ்திரி நிமிர்ந்தார். உளியும் சுத்தியலும். நாற்பது வருஷக் காது அது. சுவரை இடிக்கிறார்களா, தரையைக் கொத்துகிறார்களா என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார். இது படி. மூன்றாவது படி.

சாப்பாட்டை விட்டுவிட்டுக் குட்டி சத்தம் வந்த பக்கம் நொண்டியது. "டேய், படி இறங்கக் கூடாதுடா!" என்று பின்னாலேயே ஓடி, பின்வாசல் நிலைப்படியில் அதை எட்டிப் பிடித்தார். பிடித்த வேகத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே மகன் குந்தி உட்கார்ந்திருந்தான். அப்பாவின் பழைய உளி அவன் கையில். அம்மா விழுந்த அந்தப் பின்வாசலுக்கு மூன்று படிகள். மேஸ்திரி தன் கையால் கட்டியவை. கடைசிப் படி மட்டும் மற்ற இரண்டையும்விட ஒரு அங்குலம் உயரம். மிச்சமிருந்த செங்கல்லை வைத்து அவசரமாக முடித்த படி அது. ஊருக்கெல்லாம் மட்டப்பலகை வைத்துக் கட்டியவர், சொந்த வீடுதானே என்று விட்டுவிட்டார்.

"இந்தப் படி யாருப்பா கட்டினது?"

மகன் திரும்பவில்லை. அவனுக்குத் தெரியாததா?

"நான்தான்."

"உசரமா இருக்கு, கால் இடிக்குதுன்னு அம்மா சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னா."

"எத்தனை தடவை?"

மேஸ்திரி குட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

உள்ளே மருமகள் அடுப்படி வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பின்னால், முன்வாசலில், மகனின் பை இன்னும் அவிழ்க்காமல் கிடந்தது.

"பழகிடும்னு சொன்னேன்" என்றார் மேஸ்திரி.

மகன் சுத்தியலை ஓங்கினான். அடி விழுந்த ஒவ்வொரு தடவையும் குட்டியின் உடம்பு தூக்கிப் போட்டது. அதன் கோணல் காலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, படி உடைவதைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.